டாட்ஜ் வீட்டுப் பிள்ளைகள்

சங்ககிரியில் லாரிக்காரர் வீட்டில் பிறந்த எனக்குச் சின்ன வயதில் டாட்ஜ், ஃபார்கோ, லேலண்ட், பென்ஸ் எல்லாம் காங்கேயம், பர்கூர், ஆலம்பாடி மாடுகள் மாதிரி. இனத்தின் பெயர், அவ்வளவுதான். அதில் ஒன்று அண்ணன் தம்பி இரண்டு பேரின் குடும்பப் பெயர் என்றோ, அவர்களுக்குப் பெண்டாட்டி பிள்ளை, பாகத் தகராறு, கோர்ட்டு வழக்கு எல்லாம் இருந்தது என்றோ தோன்றியதே இல்லை.

அப்பா கிளீனராக ஏறிய முதல் வண்டி டாட்ஜ். கிரைஸ்லரோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கட்டிய வண்டி. உள்ளே சென்னை செம்பியத்தில் சிம்ப்சன் செய்த பெர்கின்ஸ் பி6 எஞ்சின். அதே வண்டியில் பெயரை மட்டும் மாற்றி ஃபார்கோ என்றும் விற்றார்கள். அது தெரியாமல், ஃபார்கோ ஏத்தம் இழுக்கும், டாட்ஜ் இழுக்காது என்று தொப்பூர் கணவாயைச் சாட்சிக்கு இழுத்துச் சண்டை போட்டவர்கள் எங்கள் ஊரில் உண்டு. அப்பா டாட்ஜ் கட்சி.

90களின் கடைசியில் நான் டெட்ராய்ட் பக்கம் வந்து சேர்ந்தேன். கார் கம்பெனிகளுக்கு டிசைன் வேலை செய்து கொடுக்கும் ஒரு கம்பெனி. கிரைஸ்லரின் தலைமையகம் இருக்கும் ஆபர்ன் ஹில்ஸுக்குப் பக்கத்திலேயே வீடு பிடித்தோம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஓக்லண்ட் பல்கலைக்கழகம். அதன் வளாகத்துக்குள் 110 அறைகளோடு ஒரு மாளிகை. மெடோ புரூக் ஹால் என்று பெயர். டாட்ஜ் பெண்டாட்டி கட்டியது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். எந்த டாட்ஜ் என்று கேட்டேன். லாரி டாட்ஜ்தான் என்றார்.

அப்படித்தான் அந்தக் குடும்பத்தின் பின்னால் போக ஆரம்பித்தேன். இந்த ஊரில் அது கஷ்டமே இல்லை. மூலைக்கு ஒரு மிச்சம் கிடக்கிறது.

ஜான் பிறந்தது 1864, ஹோரஸ் 1868. மிச்சிகன் மாநிலத்தில் நைல்ஸ் என்ற சின்ன ஊர். தகப்பனார் பட்டறைக்காரர், வரவுக்கும் செலவுக்கும் எட்டாத பட்டறை. அண்ணனுக்கு வாய், தம்பிக்குக் கை. ஒருவர் பேசி ஆர்டர் பிடிக்க, இன்னொருவர் செய்து முடிப்பார். இரண்டு பேரில் ஒருவர் பெயருக்கு மட்டும் வந்த கடிதத்தைப் பிரிக்கவே மாட்டார்கள் என்று ஒரு கதை இங்கே உலவுகிறது. டெட்ராய்ட்டில் கூலிக்கு வேலை பார்த்து, சைக்கிள் செய்து, 1900 வாக்கில் சொந்தப் பட்டறை போட்டார்கள். ஓல்ட்ஸ் காருக்கு கியர்பாக்ஸ் செய்து நல்ல பெயர் எடுத்தார்கள். 1903ல் ஹென்றி ஃபோர்டு வந்து கதவைத் தட்டினார்.

அப்போது ஃபோர்டு ஏற்கெனவே கார்த்தொழிலில் அடிவாங்கியவர், கையில் காசில்லை. எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்ஸில் என்று வண்டியின் உயிர்ப்பகுதி முழுவதையும் டாட்ஜ் பட்டறை செய்து கொடுத்தது. அதில் 10,000 டாலர் மதிப்புக்குப் பணத்துக்குப் பதில் கம்பெனியில் பத்தில் ஒரு பங்கு. முதல் ஃபோர்டு காரை உண்மையில் செய்தது டாட்ஜ்காரர்கள்தான், ஃபோர்டு சக்கரம் மாட்டிப் பெயர் ஒட்டினார் என்று இந்த ஊரில் சொல்லிப் பாருங்கள். சில பெரியவர்கள் சண்டைக்கு வருவார்கள். சிலர் காபி வாங்கித் தருவார்கள்.

பத்து வருடத்துக்குப் பிறகு, இன்னொருவன் காருக்கே எத்தனை நாள் எஞ்சின் செய்வது என்று விலகி, 1914 நவம்பரில் சொந்தக் காரை வெளியே விட்டார்கள். ஃபோர்டின் லாபப் பங்கில் ஃபோர்டுக்கே போட்டி. ஃபோர்டு சும்மா இருப்பாரா? பங்குதாரர்களுக்குக் கொடுத்து வந்த கூடுதல் ஆதாயத்தை நிறுத்தினார். சகோதரர்கள் 1916ல் கோர்ட்டுக்குப் போனார்கள். 1919ல் மிச்சிகன் உச்சநீதிமன்றம் 1 கோடியே 93 லட்சம் டாலர் பிரித்துக் கொடு என்றது. கம்பெனி யாருக்காக நடக்கிறது, முதலாளியின் தர்ம சிந்தனைக்கா, பங்குதாரரின் பைக்கா என்ற கேள்விக்கு சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் இந்த வழக்கைத்தான் எடுக்கிறார்கள். அதே வருடம் ஃபோர்டு அவர்கள் பங்கை இரண்டரைக் கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டு தலைமுழுகினார். 10,000 டாலர் சரக்குக்கு மொத்தத்தில் 3 கோடியே 20 லட்சம் அளவுக்கு வந்தது. சங்ககிரியில் இப்படி ஒரு வரவைக் கேள்விப்பட்டிருந்தால் அந்தக் குடும்பத்துக்கே ஒரு பட்டப்பெயர் வைத்திருப்பார்கள்.

அனுபவிக்க வாய்த்தது ஒரு வருடம்கூட இல்லை. 1920 ஜனவரியில் நியூயார்க் கார் கண்காட்சிக்குப் போன இடத்தில் இரண்டு பேருக்கும் காய்ச்சல், நிமோனியா. ஜான் ஓட்டல் அறையிலேயே இறந்தார், வயது 55. அண்ணன் போன பிறகு தம்பி தேறவே இல்லை. டிசம்பரில் ஃப்ளோரிடாவில் அவரும் போனார். டெட்ராய்ட் உட்லான் கல்லறையில் எகிப்தியக் கோயில் மாதிரி கட்டி, வாசலில் இரண்டு சிங்கப்பெண் சிலைகளைக் காவல் வைத்து, இரண்டு பேரையும் ஒன்றாகவே வைத்திருக்கிறார்கள்.

மிஞ்சியது இரண்டு விதவைகள். ஜானின் மனைவி மட்டில்டா. டெட்ராய்ட்டில் மதுக்கடை வைத்திருந்தவரின் மகள், டாட்ஜ் கம்பெனி ஆபீசில் செக்ரட்டரியாக இருந்து மூன்றாம் தாரமாக வந்தவர். ஹோரஸின் மனைவி ஆனா. ஸ்காட்லாந்திலிருந்து வந்த குடும்பம், பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். இந்த இரண்டு பேர் கையில் அமெரிக்காவின் பெரிய கார் கம்பெனிகளில் ஒன்று. ஐந்து வருடம் ஆட்களை வைத்து ஓட்டினார்கள். 1925ல் நியூயார்க்கின் டில்லன் ரீட் என்ற வங்கிக்கு 14 கோடியே 60 லட்சம் டாலருக்கு, ரொக்கமாக, விற்றார்கள். அதுவரை அப்படி ஒரு ரொக்க வியாபாரம் நடந்ததில்லை என்றார்கள். மூன்று வருடம் கழித்து வால்ட்டர் கிரைஸ்லர் 17 கோடி கொடுத்து வாங்கிக்கொண்டார். நான்காம் வருடம் பங்குச்சந்தை மண்ணைக் கவ்வியது.

இந்தக் கணக்கை அப்பாவிடம் சொன்னபோது அவர் யோசிக்கவே இல்லை. “பொம்பளைங்க சரியான நேரத்துல வித்துப்போட்டாங்க கண்ணு. ஆம்பளைங்க இருந்திருந்தா ரோசத்துக்கு வெச்சுட்டு இருந்திருப்பாங்க” என்றார். அப்பாவும் பெரியப்பாவும் ரோசத்துக்கு வைத்திருந்த வண்டிகள் எனக்குத் தெரியும்.

அந்த 1925 விற்பனையோடு டாட்ஜ் குடும்பத்துக்கும் டாட்ஜ் காருக்கும் உறவு அறுந்தது. இன்று வரை டாட்ஜ் என்று எழுதி விற்கும் வண்டிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அந்தக் குடும்பத்துக்கு ஒரு பைசா சம்பந்தம் இல்லாதவை. குடும்பத்திடம் பணம் இருந்தது, கம்பெனியிடம் பெயர் இருந்தது. பெயர்தான் பிழைத்தது.

பணம் என்ன ஆனது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் குதிரை. தெருவிலிருந்து குதிரையை விரட்டியடித்த தொழிலில் சம்பாதித்த பணம் திரும்பக் குதிரைக்கே போனது. ஜானின் மூத்த தாரத்து மகள் இஸபெல், வர்ஜீனியாவில் பண்ணை வைத்துப் பந்தயக் குதிரை வளர்த்தார். 1934ல் அவருடைய கவல்கேட் கென்டக்கி டெர்பியை ஜெயித்தது. அதே வருடம் பிரீக்னெஸ் பந்தயமும் அவர் குதிரைக்கே. மட்டில்டாவின் மகள் ஃபிரான்சஸ் இன்னும் ஒரு படி மேல். கென்டக்கியில் காசல்டன் பண்ணை, விங் கமாண்டர் என்ற குதிரைக்கு ஆறு முறை உலகச் சாம்பியன் பட்டம். 1940ல் கிரேஹவுண்ட் என்ற புகழ்பெற்ற ஓட்டக்குதிரை மேல் தானே ஏறி உட்கார்ந்து சாதனை நேரம் ஓடியவர். அப்பன் செய்த காரில் குதிரைத்திறன் முப்பது சொச்சம். மகளுக்கு ஒன்றே போதுமாக இருந்தது. கிண்டலாகச் சொன்னாலும், இந்தக் குடும்பத்தில் ஒரு தொழிலை அடிமட்டத்திலிருந்து கற்றுச் செய்து ஜெயித்தவர்கள் இந்த இரண்டு பெண்கள்தான் என்பது என் கட்சி.

அடுத்தது படகு. ஹோரஸுக்குப் படகுப் பைத்தியம். சாவதற்கு முன் 258 அடி நீளத்தில் ஒரு நீராவி உல்லாசக் கப்பலுக்குச் சொல்லி வைத்து, மகள் டெல்ஃபின் பெயரை அதற்கு வைத்தார். 1921ல் கப்பல் தண்ணீரில் இறங்கியபோது அவர் இல்லை. மகள் விசைப்படகு ஓட்டுவதில் கெட்டிக்காரி. 1927ல் வாஷிங்டனில் ஆண்களைத் தோற்கடித்து ஜனாதிபதி கோப்பை வாங்கினார். மூன்று கல்யாணம், குடி, 44 வயதில் மரணம். பெயரைச் சுமந்த கப்பலோ கெட்டி உயிர். 1926ல் ஹட்சன் ஆற்றில் தீப்பிடித்து மூழ்கியது, தூக்கி நிறுத்தினார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை வாங்கி வேறு பெயர் வைத்துத் தன் தலைவர் அட்மிரல் கிங்குக்குக் கொடுத்தது. அப்புறம் மாலுமிப் பிள்ளைகளின் பயிற்சிக் கப்பல். கடைசியில் ஐரோப்பாவில் ஒருவர் வாங்கிச் செப்பனிட்டு, 2003ல் மொனாக்கோ இளவரசி பாட்டில் உடைக்க, பழைய நீராவி எஞ்சினோடே மறுபடியும் டெல்ஃபின் ஆனது.

ஜானின் மூத்த தாரத்து மகன் ஜான் டூவல், 1918ல் அப்பனைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டான். ஜான் உயிலில் மாதம் 150 டாலர் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். கோடிகளுக்கு நடுவில் 150. மகன் வழக்குப் போட்டு, கடைசியில் 1924ல் அம்மை கண்டு இறந்துபோன சின்னத் தங்கையின் பாகத்தைப் பிடித்துக்கொண்டு, 16 லட்சம் டாலருக்குச் சமாதானமானான். 1942ல் ஏதோ தகராறில் போலீஸ் பிடித்துப்போக, ஸ்டேஷனில் விழுந்து தலையில் அடிபட்டுச் செத்தான். ஜான் சாகும்போது கட்டிக்கொண்டிருந்த அரண்மனையும் கிராஸ் பாயின்ட்டில் பாதியில் நின்று, இருபது வருடம் யாரும் குடியேறாமலே நின்று, 1941ல் இடித்துத் தள்ளப்பட்டது.

டேனியலின் கதையை மட்டும் என்னால் சிரித்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. மட்டில்டா பெற்ற ஒரே மகன். பிள்ளைகளில் எஞ்சினைக் கழற்றிப் பூட்டுவதில் ஆசை இருந்தது அவனுக்குத்தான். கனடாவில் மானிட்டூலின் தீவில் வேட்டைக் குடில் ஒன்று இருந்தது. அங்கே போய் வந்தவன், கோர் பே ஊரின் டெலிபோன் ஆபரேட்டர் பெண்ணைக் காதலித்தான். இழுவைப்படகு ஓட்டுபவரின் மகள், 19 வயது. 1938 ஆகஸ்ட் 2ஆம் தேதி கல்யாணம். தேனிலவுக்கு அந்தத் தீவுக்கே போனார்கள். கராஜில் பழைய டைனமைட் கிடந்தது. ஒரு குச்சியைப் பற்றவைத்து வெளியே எறிந்திருக்கிறான். மீதி எல்லாம் சேர்ந்து வெடித்தது. கை சிதைந்து, உடம்பெல்லாம் காயம். அந்தப் பெண்ணுக்கும் அடி. அந்த நிலையிலேயே அவள் விசைப்படகை எடுத்து, காற்றும் அலையுமாக இருந்த ஹ்யூரான் ஏரியில், ஆஸ்பத்திரி இருந்த லிட்டில் கரன்ட் நோக்கி ஓட்டினாள். வழியில் அவன் தண்ணீருக்குள் போய்விட்டான். வலி தாங்காமல் குதித்தானா, தடுமாறி விழுந்தானா, யாருக்கும் தெரியாது. கல்யாணமாகிப் பதின்மூன்றாம் நாள். அவனுக்கு 21 வயது. பிறகு சொத்தில் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு என்று வக்கீல்கள் உட்கார்ந்தார்கள்.

ஹோரஸின் மகன் சின்ன ஹோரஸ் இன்னொரு தினுசு. ஐந்து கல்யாணம். பந்தயப் படகு கட்டும் கம்பெனி ஒன்று ஆரம்பித்தார், அது நிற்கவில்லை. தகப்பன் சொத்தின் சாவி தாய் ஆனாவிடம். அவரோ வரியில்லாத முனிசிபல் பத்திரங்களில் போட்டு, வட்டியில் ராணியாக வாழ்ந்துகொண்டிருந்தார். மகன் வரப்போகும் சொத்தைச் சொல்லியே வாழ்நாள் முழுக்கக் கடன் வாங்கினார், அம்மாவிடமும் சேர்த்து. 1963ல், 63 வயதில், அம்மா கண் முன்னாலேயே போய்ச் சேர்ந்தார். வாரிசாக வாழ்ந்து வாரிசாகவே செத்த மனிதர். மேடை நடனக்காரியாக இருந்த ஐந்தாவது மனைவி கிரெக் ஷெர்வுட், புருஷனைத் தன்னிடமிருந்து பிரித்தார் என்று மாமியார் மேல் வழக்குப் போட்டுப் பல லட்சம் டாலர் வாங்கினார். தன் மெய்க்காப்பாளனாக இருந்த முன்னாள் போலீஸ்காரரைக் கட்டிக்கொண்டார். பின்னாளில் திவால்.

ஆனா 1970 வரை இருந்தார். ஏறக்குறைய நூறு வயது. ஹோரஸ் வாங்கிக் கொடுத்த ஐந்து சர முத்துமாலை, ஒரு காலத்தில் ரஷ்ய மகாராணி கேத்தரின் போட்டிருந்தது என்று சொல்லி விற்கப்பட்டது, 8 லட்சத்து 25 ஆயிரம் டாலர். 1926ல் ஒரு நடிகரைக் கட்டிக்கொண்டு, 1947ல் விவாகரத்து வாங்கித் திரும்பவும் மிஸஸ் டாட்ஜ் ஆனார். செயின்ட் கிளேர் ஏரிக்கரையில் பிரெஞ்சு ராஜா பாணியில் ரோஸ் டெரஸ் என்று ஒரு மாளிகை, 1934ல் கட்டியது. அவர் போனதும் நாற்காலி மேசைகள் சில டெட்ராய்ட் கலைக்கூடத்துக்கும் மீதி லண்டன் ஏலத்துக்கும் போயின. மாளிகையை வைத்துக்கொள்ள ஊரில் யாருக்கும் வக்கில்லை. 1976ல் இடித்தார்கள். இப்போது அங்கே வரிசையாக வீடுகள். நான் ஒரு முறை சுற்றிப் பார்த்தேன். தபால்காரர் என்னை வீடு வாங்க வந்தவன் என்று நினைத்து வழி சொன்னார்.

மட்டில்டா வேறு மாதிரி. தேவாலயத்தில் பழக்கமான மரவியாபாரி ஆல்ஃபிரட் வில்சனை 1925ல் கட்டிக்கொண்டார். ஜான் வாங்கிப்போட்டிருந்த பண்ணையில் மெடோ புரூக் ஹாலை எழுப்பினார். கிரகப்பிரவேசம் 1929 நவம்பர் 19. பங்குச்சந்தை விழுந்து மூன்று வாரம்! நேரம் பார்க்கத் தெரிந்த பெண்மணிக்கு இது ஒன்று மட்டும் தப்பியது. பஞ்சகாலத்தில் பெரிய வீட்டைப் பூட்டிவிட்டுச் சின்ன வீட்டில் குடியிருந்ததும் உண்டு. 1940ல் சில வாரங்கள் மிச்சிகனின் துணை ஆளுநராக இருந்தார், அந்தப் பதவியில் முதல் பெண். 1957ல், வீட்டையும் 1,400 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தையும், கூடவே 20 லட்சம் டாலரையும், ஒரு கல்லூரி தொடங்கு என்று மாநிலப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார். அதுதான் ஓக்லண்ட் பல்கலைக்கழகம். 1967ல் பண்ணைக்கு பெல்ஜியக் குதிரை வாங்க பிரஸ்ஸல்ஸ் போன இடத்தில் இறந்தார். கடைசியிலும் குதிரை.

அப்பா இங்கே வந்தது 2009 கோடையில். நல்ல நேரம் பார்த்து வந்தார். கிரைஸ்லர் திவால் மனு கொடுத்து, ஃபியட் வந்து கைகொடுத்து, எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு வேலை நிற்குமா போகுமா என்று தெரியாத சமயம். செய்தியை அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். அவர் அசரவில்லை. “டாட்ஜையும் ஃபியட்டையும் குர்லாக்காரன் அன்னைக்கே ஒரே ஷெட்டுல வெச்சுக் கட்டினானே, இதுல என்ன புதுசு?” என்றார். 2021ல் பெஜோவும் அதே கூட்டத்தில் சேர்ந்து ஸ்டெல்லான்டிஸ் ஆனபோது எனக்கு அவர் சொன்னதுதான் ஞாபகம் வந்தது. கிரைஸ்லர், ஃபியட், பெஜோ. மூன்று பேரோடும் தனித்தனியாக ஒப்பந்தம் போட்டது பிரீமியர். குர்லாவுக்கு முன்பே தெரிந்தது ஐரோப்பாவுக்குக் கொஞ்சம் தாமதமாகத் தெரிந்திருக்கிறது.

அந்த ஆகஸ்டில் மெடோ புரூக் புல்வெளியில் பழைய கார் கண்காட்சி நடந்தது. வருடா வருடம் நடந்துகொண்டிருந்தது, பிறகு வேறு ஊருக்குப் போய்விட்டது. பக்கார்டு, டூசன்பெர்க் என்று பளபளக்கும் வண்டிகளை அப்பா நகைக்கடை ஜன்னலைத் தாண்டுவதுபோல் தாண்டிப் போனார். ஓரமாக நின்ற கறுப்பு டாட்ஜ் பிரதர்ஸ் காரிடம் நின்றுவிட்டார். மூக்கில் வட்டத்துக்குள் ஆறுமுனை நட்சத்திரம். “முருகன் சக்கரமல்ல?” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கார்க்காரர் வெள்ளைத்தாடி வைத்த கிழவர், சந்தோஷமாகிக் கதவைத் திறந்து அப்பாவை உட்கார வைத்தார். அப்பா கியர் கம்பியைப் பிடித்து அசைத்தார், முகம் மாறியது. திரும்ப அசைத்தார். “ஏங்கண்ணு, தலைகீழா இருக்குது. ரெண்டு விழுகற எடத்துல ஒண்ணு இருக்குதாட்ட இருக்குது” என்றார். கிழவரிடம் சொன்னேன். அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். அந்தக் காலத்து டாட்ஜ் கார்களுக்கு கியர் மற்ற கார்களுக்கு எதிராகத்தான் இருக்குமாம், கண்டுபிடிக்கிறவர்கள் அபூர்வமாம். பாடி முழுக்க இரும்பு, மரச்சட்டம் இல்லை, ஸ்டார்ட்டர் 12 வோல்ட் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். அப்பா இறங்கி, சாசியைக் குனிந்து பார்த்து, முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, “தொழில்காரங்க” என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

பிறகு டிக்கெட் வாங்கி வீட்டுக்குள் போனோம். வழிகாட்டும் அம்மாள் கூரைச் சிற்பத்தைக் காட்டும்போது அப்பா படிக்கட்டுக் கைப்பிடியைத் தடவி, “தேக்கா, ஈட்டியா?” என்றார். ஓக் என்றார் அந்த அம்மாள். அப்பாவுக்கு நம்பிக்கை இல்லை. ஃபிரான்சஸ் சிறுமியாக இருந்தபோது விளையாடுவதற்குக் கட்டிக்கொடுத்த வீடு தோட்டத்தில் தனியாக நிற்கிறது. ஆறு அறை, அடுப்பு, கணப்பு, மின்விளக்கு, எல்லாம் நிஜம், அளவு மட்டும் முக்கால். அப்பா தலையைக் குனிந்து நுழைந்து ஒரு சுற்று வந்தார். “நானும் எங்கண்ணனும் பாகம் பிரிச்ச வீடு இதைவிடச் சின்னது” என்றார். அந்த அம்மாள் என்ன சொல்கிறார் என்று கேட்டார். ரொம்ப அழகாக இருக்கிறது என்கிறார் என்றேன்.

அந்த வருடத்தோடு இன்னொன்றும் நடந்தது. லாரி, பிக்கப் வகைகளை டாட்ஜிலிருந்து பிரித்து ராம் என்று தனிப் பெயராக்கினார்கள். ஆட்டுக்கிடாய்ச் சின்னமும் லாரியோடு போய்விட்டது. ஆடும் முருகன் வாகனம்தான் என்பதால் அப்பாவுக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் சங்ககிரிக்கு லாரியாக மட்டுமே தெரிந்த டாட்ஜ் என்ற பெயரில் இன்றைக்கு ஒரு லாரிகூடக் கிடையாது.

ஹாம்ட்ராமிக்கில் சகோதரர்கள் 1910ல் கட்டிய பெரிய ஆலை 1980ல் மூடப்பட்டது. அதை இடித்து, கூடவே அக்கம்பக்கத்தில் போலந்துக்காரர்கள் வாழ்ந்த தெருக்களையும் இடித்து, ஜெனரல் மோட்டார்ஸ் புது ஆலை போட்டது. அங்கே இப்போது மின்சார ஹம்மர் செய்கிறார்கள். ஆலை வேலைக்கு வந்த போலந்துக்காரர்களின் கடைத்தெருவில் இன்று வங்கதேசத்துக்காரர்கள். நல்ல மீனும் முருங்கைக்கீரையும் வேண்டுமென்றால் நாங்கள் அங்கேதான் போகிறோம். டாட்ஜும் மின்சாரத்துக்கு வந்துவிட்டது. 2024ல் வந்த மின்சார சார்ஜரில், பழைய பெட்ரோல் எஞ்சின் உறுமுவது மாதிரி சத்தம் போடத் தனியாக ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். நூற்றாண்டு விழா விளம்பரத்தில் ஜானையும் ஹோரஸையும் நடிகர்களை வைத்துக் கார்ப்பந்தயம் ஓடவிட்டதும் இதே கம்பெனிதான். குடும்பத்தை விட்டுப் பிரிந்து தொண்ணூறு வருடம் ஆனபோதுதான் முன்னோர்கள் மேல் பாசம் வந்தது.

எங்கள் வீட்டிலும் லாரி இப்போது இல்லை. பெரியப்பா மகன் கோழிப்பண்ணை வைத்து, அதிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு மாறினான். நான் இங்கே கம்ப்யூட்டரில் கதவுக் கீல் வரைகிறேன். என் மகனுக்கு ஓக்லண்டில்தான் இடம் கிடைத்தது. என்ஜினியரிங் வகுப்புகளில் சில டாட்ஜ் ஹால் என்ற கட்டடத்தில் நடக்கின்றன. பேரன் டாட்ஜ்காரன் இடத்தில் படிக்கிறான் என்று போனில் சொன்னதும் அப்பாவுக்கு ஏகப்பட்ட குஷி. அந்த விளையாட்டு வீடு இன்னும் இருக்கிறதா என்று விசாரித்தார். “நம்மூர்லயும் லாரிக்காரன் கடைசில காலேஜுதான் கட்டறான்” என்றார். நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் போனவர்களுக்கு அது புரியும்.

அப்புறம் பீஸ் எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். ரூபாயில் சொல்லு என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

“அந்தம்மா எடத்தைச் சும்மாதான குடுத்துச்சு?”

“ஆமாங்கப்பா.”

“அப்பறம் எவன் வாங்கறான் இத்தனை பீஸு?”